ஏழரை மோட்டரின் நெற்றிப் பொட்டு

எங்கள் தொடர்மாடியில் நாற்பத்துநான்கு வீடுகள். மோட்டர் ஒன்றே ஒன்றுதான். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், பதினொரு மாடிக் கட்டடம். நிலத்துக்குக் கீழே இருக்கும் தொட்டியில் வந்து சேரும் தண்ணீரை மொட்டை மாடியில் இருக்கும் தாங்கிக்கு ஏற்றுவது அந்த மோட்டரின் வேலை. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. அதற்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ஏழரை. அதன் பெயர்த்தகட்டில் 7.5 என்று பொறித்திருந்ததால் வந்த பெயர். சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரிக்கிற இத்தனை குடும்பங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு பெயரை வைக்க யாருக்குத் துணிவு வந்ததோ தெரியாது.

நான் மருதானையில் ஒரு தொழில்நுட்ப வகுப்பில் மின் பாடம் படிப்பிக்கிறேன். மோட்டர்களின் முழுச்சுமை மின்னோட்டத்தைக் கணிப்பது எனக்கு மிகப் பிடித்த பாடம். ஒரு மோட்டர் தன்னால் இழுக்கக்கூடிய முழுப் பாரத்தையும் இழுக்கும்போது எத்தனை அம்பியர் எடுக்கும் என்பதுதான் கேள்வி. அந்த எண் தெரிந்தால்தான் எந்தத் தடிப்பில் வயர் போடுவது, ஓவர்லோடை எதில் வைப்பது என்று தெரியும். ஓவர்லோட் என்பது சுவரில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்ன உறுப்பு. அதில் எண்கள் எழுதிய ஒரு திருகு இருக்கும். திருகில் வைத்த எண்ணுக்கு மேலே மோட்டர் கொஞ்ச நேரம் மின்சாரம் எடுத்தால், அது எரிந்துபோக முதல் ஓவர்லோட் அதை நிறுத்திவிடும்.

இதை நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். கரும்பலகைக்கு வெளியே நான் தொட்ட மோட்டர் என் வீட்டு பிளெண்டருக்குள் இருப்பது மட்டும். இதை என் மாணவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருடம் ஒருநாள், பாடத்துக்கு உண்மையான பெயர்த்தகட்டின் படம் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தொடர்மாடி முழுக்கச் சோறு தின்றுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பூட்டி, போனையும் வீட்டுத் திறப்பையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மோட்டர் அறைத் திறப்பு காவலாளியிடம்தான் இருக்கும். அவர் ஹட்டன் பக்கத்து ஆள். அறுபது வயது. படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன அறைதான் அவருக்கு வீடு. கேற்றைப் பார்ப்பதும் மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. தானாகப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது பழுதாகி, திருத்துவது பற்றி ஆராய ஒரு உபகுழு அமைத்து, அந்த உபகுழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

அறைக்குள் லைட் எரியவில்லை. அவர் டோர்ச்சைப் பிடித்தார். மோட்டர் பச்சை நிறத்தில், கடல் உப்பில் அங்கங்கே துருவேறி, ஒரு சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கவாட்டில் பெயர்த்தகடு. தகடு என்று சொல்கிறேன், நான் கண்டது ஒரு நெற்றியை. சந்தனம் மூன்று குறியாக இழுத்து, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

எங்கள் தொடர்மாடியில் ஆயுத பூசைக்கு மோட்டருக்கும் பூசை உண்டு. குடியிருப்பாளர் கமிட்டித் தலைவரின் மனைவி கீழே வந்து, சந்தனம் குழைத்து, இருக்கிறதிலேயே தட்டையாக இருக்கும் இடம் பார்த்து வைப்பார். அந்த இடம் பெயர்த்தகடு. போன வருடத்துப் பொட்டின் மேல் இந்த வருடத்துப் பொட்டு. குறியின் மேல் குறி. எல்லாம் காய்ந்து ஓடாகி, ஒரு விரல் நகத் தடிப்புக்கு ஏறியிருந்தது. வெளியே தெரிந்தது 7.5 என்ற எண் மட்டும். அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய அலகு, அம்பியர், வோல்ட், எல்லாம் சந்தனத்துக்குள்.

நான் நகத்தால் சுரண்டப் போனேன்.

"அழிச்சிராதீங்க டீச்சரம்மா," என்றார் காவலாளி. "பூசை வச்ச பொட்டு. முந்தி ஒரு பாஸ் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாரு. எட்டே நாள்ல மோட்டரு எரிஞ்சி போச்சி."

பாஸ் என்று கொழும்பில் சொல்வது மோட்டர் திருத்துகிற மாதிரிக் கைவேலைக்காரரை. அந்தக் கதை எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு இந்தப் பொட்டை யாரும் அழிப்பதில்லை, சேர்ப்பது மட்டும்தான். கடவுள் விடயத்தில் நான் பாதி ஆள். சுண்டல் கொடுத்தால் கோயிலுக்குப் போவேன். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மோட்டருக்கு இருந்துவிட்டால் என்ன செய்வது? கையை எடுத்துவிட்டேன்.

அலகு தெரியாவிட்டால் என்ன, மூளை இருக்கிறதே என்று நினைத்தேன். கொழும்பில் எந்தக் கடைக்குப் போனாலும் மோட்டரைக் குதிரைவலுவில்தான் கேட்பார்கள். ஆகவே ஏழரை என்றால் ஏழரைக் குதிரைவலு. ஒரு குதிரைவலு 746 வாட். பெருக்கினால் ஐயாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். அதை மூன்றின் வர்க்கமூலத்தாலும் நானூறு வோல்ட்டாலும் வலுக்காரணியாலும் வினைத்திறனாலும் வகுக்க வேண்டும். போனிலேயே தட்டினேன். பதினொரு அம்பியர். சுத்தமான விடை.

பிறகு சுவர்ப் பெட்டியைத் திறந்து ஓவர்லோடைப் பார்த்தேன். திருகு பதினைந்தில் நின்றது. நான்கு அம்பியர் கூட. மோட்டர் எரியும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் காவல் இது என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுத் திறப்பின் நுனியை நுழைத்து, பதினொன்றுக்குத் திருப்பினேன்.

"கமிட்டியில கேக்க வேணாமாம்மா?" என்றார், டோர்ச்சை அசைக்காமல்.

"கமிட்டியிட்டக் கேட்டா இதுக்கும் ஒரு உபகுழு வரும் அண்ணை. உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாக் காணும்."

மேலே போய்த் தேநீர் ஊற்றிக் குடித்தேன். நாற்பத்துநான்கு குடும்பங்களுக்கும் தெரியாமல் அவர்களின் மோட்டரைக் காப்பாற்றிய திருப்தி. அன்றைய தேநீர் நன்றாக இருந்தது.

அடுத்த நாள் காலை தண்ணீர் நின்றது. சரியாக ஏழேகால் மணிக்கு, பாடசாலைப் பிள்ளைகளும் அலுவலகக்காரரும் குளிக்கிற நேரத்தில். மோட்டர் பத்து நிமிடம் ஓடும், நிற்கும். காவலாளி ஓவர்லோட் சூடாறும்வரை காத்திருந்து, பொத்தானை அமத்தி, திரும்பப் போடுவார். திரும்பவும் ஓடும், நிற்கும். தாங்கி பாதிகூட நிரம்பாது. எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஒன்பதாம் மாடி. தலை நிறைய சம்பூவோடும் இடுப்பில் துவாயோடும் அவர் பல்கனியில் நின்று கீழே பார்த்துக் கத்தியதைக் கடற்கரை ரயிலில் போனவர்களும் பார்த்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, அந்த முயல் அப்போது என் மடியில் இருந்தது. என் கணக்கு பிழைக்காது. ஆகவே மோட்டரில்தான் கோளாறு. அது அளவுக்கு மேல் மின்சாரம் எடுக்கிறது, என் ஓவர்லோட் அதைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. யாராவது ஒருவர் மோட்டரைத் திருத்தத்தான் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த வாரம் லிப்டுக்குள் கேட்ட கதைகள் மிகவும் சுவையாக இருந்தன. பக்கத்துக் கட்டடக்காரர் இரவில் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்றார் ஒருவர். ஐந்தாம் மாடியில் மீன் வளர்க்கும் மனிதர்தான் தொட்டி தொட்டியாக எடுக்கிறார் என்றது ஒரு கட்சி. சனி மாறியிருக்கிறது, ஏழரை என்று பெயர் வைத்தால் இப்படித்தான் என்றார் தலைவரின் மனைவி. நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "ஓம், அப்பிடியும் இருக்கலாம்" என்று எல்லாக் கட்சிக்கும் வாக்குப் போட்டேன்.

இரண்டாவது வாரம் தலைவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதக் கோவை.

"ரீச்சர், நீங்கள்தான் எங்களுக்கு உதவவேணும். இந்த மோட்டர் விசயத்தை விசாரிக்க ஒரு குழு போடுவம் எண்டு நினைக்கிறம். தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். குழுவும் நீங்கள் ஒராள்தான்."

"நானோ?"

"ஓம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில அறிக்கை தந்தாக் காணும். இந்த வோச்சர் மோட்டரை நேரத்துக்குப் போடாமல் நித்திரை கொள்ளுறான். அது நிச்சயம். நீங்கள் அதை உங்கட பாசையில எழுதித் தந்தீங்கள் எண்டா, அடுத்த மாசம் ஒரு செக்குரிட்டிக் கொம்பனியை எடுக்கலாம்."

குற்றவாளியையே விசாரணைக் குழுவாக நியமிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. ஆனால் எனக்கு அது முதல் தடவை. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் நீட்டிய கோவையில் காவலாளிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி இருந்தது. மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, மோட்டரை உரிய நேரத்தில் இயக்காமை. இரண்டு, கடமை நேரத்தில் நித்திரை கொண்டமை. மூன்று, மரியாதைக்குரிய குடியிருப்பாளர் ஒருவர் மீது அபாண்டமாகப் பழி சுமத்தியமை.

மூன்றாவது ஐந்தாம் மாடி மீன்காரரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் கவலைப்பட்டது வேறு ஒன்றை நினைத்து. வேலை போனால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறையும் போகும். அறுபது வயதில் அந்த மனிதருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்? இத்தனைக்கும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கீழே இறங்கிப் போய் ஒரு பைக்கற் இஞ்சி பிஸ்கட்டை அவர் கையில் வைத்தேன். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். நன்றியில் வாயடைத்துப் போனார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முன்பு மோட்டர் எரிந்தபோது அதற்குத் திரும்பக் கம்பி சுற்றிக் கொடுத்த பாஸின் (பொட்டைத் துடைத்தவர் வேறு ஆள்) பட்டறை அங்கே ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. சுவரில் அந்தோனியார் படம், கீழே குடலைப் பிடுங்கிப் போட்ட மோட்டர்கள். ஓவர்லோடைப் பதினைந்தில் வைத்த குற்றவாளி இவர்தான் என்பது என் முடிவு. அதனால் கொஞ்சம் ரீச்சர் குரலில்தான் தொடங்கினேன்.

"பாஸ், அந்த மோட்டர் நிண்டு நிண்டு ஓடுது. அளவுக்கு மேல கரண்ட் எடுக்குது. நாளைக்கு வந்து ஒருக்கா அளந்து பாருங்கோ."

"அளவுன்னா எவ்ளோ மிஸ்?"

"பதினொண்டு."

அவர் கையில் இருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

சனிக்கிழமை, திரும்பவும் அதே இரண்டு மணி. காவலாளி டோர்ச்சைப் பிடித்தார். பாஸ் மோட்டரைப் போட்டு, வயரைச் சுற்றி, மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரை மாட்டினார். மீற்றர் பதினான்கு காட்டியது.

"பாத்தீங்களோ," என்றேன். "மூண்டு அம்பியர் கூட. மோட்டர் பழுது."

"மோட்டர் நல்லா இருக்கு மிஸ். பதினஞ்சு வரைக்கும் போகலாம்."

"எப்பிடி? ஏழரை ஹோஸ்பவருக்கு பதினொண்டுதானே வரும்."

"யார் சொன்ன ஹோஸ்பவர்னு? இது ஏழரை கிலோவாட். பத்து ஹோஸ்பவர். இதை வேன்ல ஏத்த நாங்க மூணு பேர் வேணும்னு ஆச்சு, என் இடுப்பு இன்னும் மறக்கல." பிறகு கணக்கையும் சொன்னார், ஒரே மூச்சில். "த்ரீ பேஸ்னா ஒரு கிலோவாட்டுக்கு ரெண்டு அம்பியர் மிஸ். ஏழரைக்கு ரெண்டு, பதினஞ்சு. அவ்ளோதான்."

வர்க்கமூலம் இல்லை, வலுக்காரணி இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை. இல்லை, நம்ப விருப்பமில்லை. தகட்டைப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றேன்.

"பாருங்க," என்றார் பாஸ்.

"நீங்கள் துடையுங்கோவன்."

"ஐயோ, நான் வேதக்காரன் மிஸ். நான் துடைச்சு நாளைக்கு எரிஞ்சுதுன்னா மேல இருக்கிற ஆட்கள் என்னை விடுவாங்களா?"

காவலாளியைப் பார்த்தேன். அவர் டோர்ச்சோடு ஒரு அடி பின்னால் போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், ஆகவே கையை விடவேண்டியதும் நான். தோளில் கிடந்த சோலின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, மனதுக்குள் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தேய்த்தேன். குங்குமம் முதலில் கரைந்தது. 7.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கிலோவாட் என்பதன் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. மூன்றாவது குறிக்குக் கீழே முழுச்சுமை மின்னோட்டமும் இருந்தது. 14.7 அம்பியர். அலகு சரியாகத் தெரிந்திருந்தால் என் சூத்திரமும் கிட்டத்தட்ட அதையேதான் தந்திருக்கும்.

பெயர்த்தகட்டில் எழுதியிருந்தால் கணக்குப் போடாதே, வாசி. இந்தப் பாடத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் வசனம் இது. பரீட்சையில் இதற்கு இரண்டு புள்ளியும் கொடுப்பேன்.

பாஸ் திருகைப் பதினைந்துக்குக் கொண்டுபோனார். மோட்டர் நிற்காமல் ஓடியது. அன்று பின்னேரம் தாங்கி நிரம்பி வழிந்தது. ஞாயிறு காலை பதினொரு மாடியும் குளித்தது. என் பிழை அழிந்துவிட்டது, இனி யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று ஒரு இரவு முழுக்க நிம்மதியாக உறங்கினேன்.

அந்த நிம்மதி ஞாயிறு பின்னேரம் நாலு மணிவரைதான். கார்கள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். காவலாளி கேற்றடியில் நின்றார். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கவனிச்சிருப்பீங்கள். கடிதம் குடுத்து, கூட்டமும் கிட்ட வர, நேற்றில இருந்து தண்ணி ஒழுங்கா வருது. இதில இருந்து என்ன விளங்குது? இவ்வளவு நாளும் வேணுமெண்டு மோட்டரைப் போடேல்ல எண்டுதானே? ரீச்சரின்ர அறிக்கை எப்பிடியும் இதைத்தான் சொல்லும். வாசியுங்கோ ரீச்சர்."

கைகள் தட்டப்பட்டன. நான் திருகைத் திருப்பி வைக்கச் செய்து அந்த மனிதரைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். மோட்டர் சரியாக ஓடுவதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

எழுந்தேன். அறிக்கை கையில் இருந்தது. ஒன்றரைப் பக்கம், வர்க்கமூலத்தோடு. வாசிக்கத் தொடங்கினேன். வினைத்திறன் வரும்போது முன்வரிசையில் இரண்டு பேருக்குக் கண் செருகியது. கடைசிப் பந்தியில், ஓவர்லோட் குறைவாக வைக்கப்பட்டிருந்தது என்று மட்டும்தான் எழுதியிருந்தேன், யார் வைத்தது என்று இல்லை. தாளை மடித்துவிட்டுச் சொன்னேன்.

"மோட்டர் நிண்டதுக்குக் காரணம் நான். ஓவர்லோடைக் குறைச்சு வைச்சது நான். என்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு. அண்ணை ஒரு பிழையும் செய்யேல்ல. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கீழ போய்ப் பொத்தானை அமத்தினதால்தான் உங்களுக்கு அந்தப் பாதித் தண்ணியாவது வந்தது."

கண் செருகியவர்கள் விழித்துக்கொண்டார்கள். "எப்பிடிப் பிழைச்சது?" என்று மீன் வளர்ப்பவர் கேட்டார். பொட்டு அலகை மறைத்தது, பிறகு துடைத்துப் பார்த்தேன் என்றேன்.

"என்ன, பொட்டை அழிச்சனீங்களோ?" என்றார் தலைவரின் மனைவி.

அதற்குப் பிறகு யாரும் ஓவர்லோடைப் பற்றிக் கதைக்கவில்லை. இரண்டு வாரம் தண்ணீர் இல்லாததை எங்கள் தொடர்மாடி ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிட்டது. பொட்டை மன்னிக்கவில்லை. அரை மணிநேரம் ஏச்சு வாங்கினேன். முடிவில், வருகிற வெள்ளிக்கிழமை என் செலவில் மோட்டருக்கு ஒரு பரிகாரப் பூசை என்றும், அதில் வைக்கும் பொட்டு தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. காவலாளி தொடர்ந்து இருப்பார் என்பது அதே தீர்மானத்தின் வாலில் வந்தது. தலைவர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், கையில் இருந்த கடிதப் பிரதியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

கதிரைகளை அடுக்கிய பிறகு கேற்றடிக்குப் போனேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இந்தக் கரைச்சல் உங்களுக்கு வந்திருக்காது. எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திட்டீங்கள்."

அவர் என்னை விளங்காதவர் மாதிரிப் பார்த்தார்.

"சொன்னேனேம்மா. மொதல் நாளே தலைவர் ஐயாகிட்ட சொன்னேன். நீங்க வேணாம்னு சொன்னீங்கதான், ஆனா புள்ளைங்க குளிக்கத் தண்ணி இல்லாம நிக்கிதுங்க. டீச்சரம்மா கணக்குப் போட்டுத் திருப்புனாங்க, அதுக்கப்பறம்தான் நிக்கிதுன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"அவங்க படிச்சவங்க, பிழை விட மாட்டாங்க, ஓன் தூக்கத்த மறைக்க அவங்க மேல பழி போடாதன்னாரு. அப்பறம்தான் அந்தக் கடுதாசி வந்திச்சி."

மூன்றாவது குற்றச்சாட்டின் மரியாதைக்குரிய குடியிருப்பாளர் ஐந்தாம் மாடியில் இல்லை. நான்தான் அவர். கோவையைக் கையில் வைத்து நான்கு நாள் விசாரித்த எனக்கு அது தெரியவில்லை.

"நீங்க பிஸ்கட்டு குடுத்தப்ப," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார், "இனிமேயும் பேசாம இருக்கத்தான் குடுக்கிறீங்கன்னு நெனச்சேம்மா. நா அத சாப்பிடல."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. ஏச்சு வாங்கிய அரை மணிநேரத்திலும் வராத அழுகை. நான் செய்தது விளையாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வாரமும், இந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டு அதற்குத் தண்டனை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் இருந்த படிப்பு அவருடைய வார்த்தையைப் பொய்யாக்கியிருக்கிறது.

அவர் சட்டைப் பையில் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

"இதுல அந்த மூணாவத மட்டும் வெட்டித் தாங்கம்மா. மத்த ரெண்டும் இருந்தா பரவாயில்ல. பகல்ல கொஞ்சம் தூங்குனது உண்மதான்."

என் கைப்பையில் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனை இருந்தது. கேற்றுத் தூணில் கடிதத்தை வைத்து, மூன்றாவதைக் குறுக்கே வெட்டினேன். பிறகு முதலாவதையும் வெட்டினேன். கீழே, "மேற்படி குடியிருப்பாளர் நானே. காவலாளி சொன்னது முழுவதும் உண்மை" என்று எழுதி, வீட்டு இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். திரும்பவும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஆறு மணியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மோட்டரைப் போடப் போனார்.